பகலில் தெரியாத தீ

ஹைட்ரஜன் கார் ஓடுமா என்று என்னிடம் கேட்காத ஆள் சதுரங்கப்பட்டினத்தில் பாக்கியில்லை. டீக்கடையில் கேட்பார்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது கேட்பார்கள். ஓடும். நன்றாகவே ஓடும். சத்தமில்லை, புகையில்லை, பின்னால் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டும். அந்தத் தண்ணீரைத் தம்ளரில் பிடித்து வருகிறவர்களுக்குக் காட்டி வாயைப் பிளக்க வைப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். காரைக் குறை சொன்னால் எனக்கு அடுக்காது. அதற்குத் தீனி போடும் இடம்தான் தனிக் கதை.

அந்த இடத்தில்தான் எனக்கு வேலை. என் பெயர் ஜெபசிங். பன்னிரண்டு வருடம் செங்கல்பட்டில் கார்களுக்கு சி.என்.ஜி. கிட் மாட்டியவன். கேஸ் தெரிந்த ஆள் வேண்டும் என்று மறைமலைநகர் கம்பெனி ஒன்று என்னைக் கான்டிராக்டில் எடுத்தது. மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஹைட்ரஜன் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டினால் நாலு பேருக்குத் தெரியும் என்று, கடற்கரைச் சாலையோரம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தகரக் கூரை போட்ட ஒரு நிரப்பும் கொட்டகையைக் கட்டினார்கள். கார்கள் மூன்று. அந்த மூன்றுக்குத்தான் இத்தனை குழாயும் இத்தனை எந்திரமும்.

ஹைட்ரஜன் எடுக்க நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை படாளத்திலிருந்து லாரியில் தண்ணீர் வரும். டீசல் லாரி. அது கக்கும் கரும்புகை எங்கள் சோலார் தகடுகளில் போய்ப் படியும். சுத்தமான எரிபொருள் என்று பெரிதாக எழுதிய பலகையும் பக்கத்திலேயே இருந்தது, அதிலும் படியும். இதையெல்லாம் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சிரித்த ஒரே ஆள் தமிழ்வாணன். முதல் காரை ஓட்டுகிறவன், படாளத்தில் விவசாயக் குடும்பம். சார்ஜ் போடும் ஸ்கூட்டரில் வேலைக்கு வருவான். "அண்ணாத்த, கரண்ட்ட எட்த்து தண்ணிய பிரிக்கிறீங்க, பிரிச்சத்த அமுக்கி சிலிண்டர்ல அடைக்கிறீங்க, அத்த கார்ல ஊத்தி மறுபடியும் கரண்ட்டா ஆக்கிகினு போறீங்க. அதே கரண்ட்ட நேரா பேட்டரில ஏத்தினா மூணு தபா போய்ட்டு வர்லாம். உங்களுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?" என்பான். அவன் சொன்னது கணக்காகச் சரிதான். மூன்று பங்கு கரண்ட் போட்டால் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பெரிய லாரிக்கும் கப்பலுக்கும் லாயக்குப்படலாம் என்று கம்பெனிக்காரர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள் கப்பலில் ஏறி போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்களே.

அதெல்லாம் என் தலைவலி இல்லை. என் தலைவலி கசிவு. சி.என்.ஜி.யில் ஒரு நாற்றத்தைக் கலந்து வைத்திருப்பார்கள். கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. அதைவிட மோசம், அது பற்றிக்கொண்டால் வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது. புகை வராது. மூன்றடி தள்ளி நின்றால் சூடுகூடச் சரியாக உறைக்காது. கை வைத்தவனுக்குத்தான் தெரியும். பயிற்சியில் முதல் நாளே இதைத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் என் மூக்கை நம்பிப் பிழைத்தவன் நான்.

தீயைக் காட்டுவதற்கென்று ஒரு கேமரா கொடுத்திருந்தார்கள். சூட்டைச் சிவப்பாகக் காட்டும். உப்புக்காற்றில் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு திரை இருண்டுவிட்டது. பழுதுபார்க்க அனுப்பி நான்கு மாதம் ஆகியும் வரவில்லை. எங்கள் மேலாளர் கேசவன் சாரைக் கேட்டால், "வந்துடும் ஜெபசிங், ஃபாலோ பண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்பார். மனுஷன் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் மேலே கேட்டு வாங்கத் தைரியம் இல்லாதவர்.

கேமரா இல்லாத நாளில் என்ன செய்வது? அதற்கும் பயிற்சியில் ஒரு வழி சொன்னார்கள். துடைப்பம். ராக்கெட் விட்டவர்களே அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். காய்ந்த பூந்துடைப்பத்தை நீளக் கழியில் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டே போக வேண்டும். குழாய், வால்வு, காரில் செருகும் நாசில் முனை எல்லாவற்றின் மேலும் மெதுவாக ஆட்டிப் பார்க்க வேண்டும். தெரியாத தீ இருந்தால் துடைப்பம் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. கோடிக்கணக்கில் எந்திரத்தை வைத்துவிட்டு அதற்குக் காவலாகத் தெருமுனைக் கடையில் வாங்கிய துடைப்பம்.

அதைப் பிடிக்கும் வேலை சிநேகாவுடையது.

சிநேகா என் அக்கா செல்லம்மாவின் மகள். இருபத்திரண்டு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் வீட்டில் டிப்ளமோ வாங்கிய முதல் ஆள். அவள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். தாய்மாமன் என்று நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றேன். இந்தக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். வேலையில் கில்லாடி. எந்த வால்வு எத்தனை அழுத்தம் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அடுத்த மாதம் அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆணை கைக்கு வந்துவிட்டால் நாளைக்கு எந்த கேஸ் கம்பெனியும் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும். ஒரே ஒரு தவறு அவள் பேரில் பதிவானாலும் ஒருத்தரும் உள்ளே விடமாட்டார்கள். கேஸ் தொழிலில் அதுதான் வழக்கம்.

அவள் அந்தத் துடைப்பத்தை நீட்டிக்கொண்டு நடப்பதைத் தினமும் பார்ப்பேன். தினமும் எனக்கு நெஞ்சில் முள் குத்தும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் அம்மா அடுத்தவர் களத்தைக் கூட்டியவள். அக்கா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் இருபத்திரண்டு வருடம் கூட்டியவள். நான் ஆறாவது படிக்கும்போது வகுப்பைக் கூட்ட வேண்டுமென்றால் வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், எங்கள் தெருப் பிள்ளைகள் உட்காரும் பக்கமாகக் கையைக் காட்டுவார். எங்களில் யாராவது எழுந்திருக்க வேண்டும். இனி எங்கள் வீட்டுப் பிள்ளை எவளும் வேலையிடத்தில் துடைப்பம் தொடக்கூடாது என்று அப்போதே மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டவன் நான். கடைசியில் டிப்ளமோ படித்தவள் கையில் அதைக் கொடுத்ததும் நான்தான். சிநேகாவுக்கு இதெல்லாம் ஒன்றுமே இல்லை. "மாமா, இது இன்ஸ்ட்ருமெண்ட்டு" என்பாள், சிரிக்காமல்.

மே மாதத்தில் ஒரு நாள் பார்வையாளர்கள் வந்தார்கள். டெல்லியிலிருந்து சில அதிகாரிகள், வெளிநாட்டுக்காரர் இருவர், பத்திரிகைக்காரர்கள் பத்துப் பேர். ஷாமியானா போட்டு, ஸ்பீக்கர் கட்டி, ஒரு ஜெனரேட்டரையும் ஓடவிட்டார்கள். மணி பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் காரைத் தமிழ்வாணன் கொண்டுவந்து நிறுத்தினான். நிரப்பினோம். கைதட்டினார்கள். கார் ஊரிலிருக்கும் பழைய கோட்டைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. அடுத்து இரண்டாவது கார்.

ஒவ்வொரு காருக்கு முன்னாலும் துடைப்பத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. சிநேகா கழியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். நீலச் சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் துடைப்பம். அப்போது ஒரு போட்டோகிராபர் என்னிடம் திரும்பினான்.

"அண்ணா, அந்தக் கூட்டுற பொண்ண கொஞ்சம் ஓரமாப் போகச் சொல்லுங்க. ஃப்ரேம்ல விழுது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத்தான் காதில் ஈயத்தை ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது. நாளைக்குப் பேப்பரில் இந்தப் படம் வரும், எங்கள் தெருவே பார்க்கும், ஜெபசிங் தன் அக்கா மகளை இந்த வேலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான் என்று சொல்லும். இது ஒரே நொடியில் மனதில் ஓடியது. நான் நேராக அவளிடம் போனேன்.

"குடு அத்த."

"மாமா, இன்னும் நாசில் பாக்கல."

"காலைலயே நா பாத்தாச்சு. ஒண்ணியும் இல்ல. கேமரா முன்னாடி இத்த புடிச்சிகினு நிக்காத. குடு சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மாமன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத பெண். கொடுத்துவிட்டாள். நான் அதைக் கம்ப்ரஸருக்குப் பின்னால் எறிந்தேன். கேசவன் சார் மேடைப் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தார். மறுபடி மேடையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் நான் பார்த்தது ஏழு மணிக்கு, சோப்பு நுரை வைத்து. அதற்குப் பிறகு ஐந்து மணி நேர வெயிலும் ஒரு முழு நிரப்பலும் நடந்திருந்தது. முதல் காரிலிருந்து கழற்றும்போது நாசிலின் இணைப்பில் கசிவு விட்டிருக்கிறது, ஏதோ ஒரு பொறியில் பற்றியும் இருக்கிறது. சாதாரண நாளென்றால் சீறும் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும். கசிந்தால் கூரையில் இருக்கும் மணி அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. கடல்காற்று வாயுவைப் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. தீ அங்கேயே நின்று எரிந்துகொண்டிருந்தது. அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கண்ணிலும் அது படவில்லை.

சிநேகா இரண்டு கையையும் நீட்டி நாசிலை எடுத்தாள்.

நான் தீயைப் பார்க்கவில்லை. அவள் கைகள் எரிவதைத்தான் பார்த்தேன். முதலில் கையுறை சுருங்கியது. பிறகு சட்டையின் கையில் மஞ்சளாகத் துணித்தீ ஏறியது, கழுத்து வரைக்கும். அவள் கத்தவில்லை, "மாமா" என்று சாதாரணமாகக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிட்டாள். நான் வாயுவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு ஓடினேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எதற்காக அந்தப் பெண் கையை உதறுகிறாள் என்றே புரியவில்லை. தமிழ்வாணன்தான் கார் சீட்டின் உறையைக் கிழித்துக்கொண்டு வந்து அவளைச் சுற்றினான்.

செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு. உயிருக்குப் பயமில்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். இரண்டு கைகளிலும் சில விரல்கள் போனது போனதுதான், பேனா பிடிக்க இரண்டு வருடம்கூட ஆகலாம், பிடிக்க முடியாமலும் போகலாம் என்றும் சொன்னார்கள்.

நான்காம் நாள் காலையில் அக்கா வார்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்படியே சொன்னேன்.

"அக்கா, அவ தொடப்பத்த மறக்கல. நான்தான் புடுங்கிப் போட்டேன்."

"எதுக்கு?"

"போட்டோ எட்த்துகினு இருந்தாங்க. கூட்டுற பொண்ணுன்னான் ஒருத்தன். எனக்கு மானம் போச்சு."

அக்கா எதிரே இருந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"இருவத்தி ரெண்டு வருசம் அந்த ரிசார்ட்டுல கூட்டிகினு இருந்தேன். அந்தத் தொடப்பத்துலதான் நீ ஐ.டி.ஐ. போன. அப்போ உனுக்கு மானம் போவல?"

அக்காவே மேலே பேசினாள்.

"தொடப்பத்த மறந்துட்டேன்னு அவ சொல்லிகினு கீறா. அவளுக்கு மறக்காதுன்னு எனுக்குத் தெரியும். ஏன்டி பொய் சொல்றன்னா பேசமாட்டன்றா. நீ போயி உண்மைய சொல்லு. எம் பொண்ணு பேரு கெடக்கூடாது. கை போனாலும் பேராவது இருக்கட்டும்."

"சொல்றேன்க்கா" என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன்.

உள்ளே கேசவன் சார் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காகிதம், ஒரு மைப்பெட்டி. விசாரணைக்கு வாக்குமூலம் வேண்டுமாம். எழுதியே கொண்டுவந்திருந்தார். நான் வாங்கிப் படித்தேன். 'சோதனைக் கருவியை எடுத்துச் செல்ல நான் மறந்துவிட்டேன். இந்த விபத்து என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது.' துடைப்பம் என்ற சொல்லே அதில் இல்லை. கேமரா நான்கு மாதமாக இல்லை என்பதும் இல்லை.

"சார், இது..." என்று ஆரம்பித்தேன்.

கேசவன் சார் என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தின் மடிப்பை நீவினார். "சிநேகாவே சொன்னதைத்தான் எழுதியிருக்கேன் ஜெபசிங். வேற யாராவது கருவியை எடுத்துப் போட்டாங்கன்னு வந்தா அது வேற கேஸ். போலீஸுக்குப் போகும். எடுத்தவங்க உள்ள போவாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் மேடையில இருந்தேன்."

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கட்டிலில் கட்டுக்குள் கிடந்தவளுக்கும் தெரியும்.

"மாமா, உனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது" என்றாள் சிநேகா. கழுத்துக் கட்டினால் குரல் அமுங்கி வந்தது. "நா பாத்துக்குறேன். வுடு."

வாயைத் திறந்தால் போதும். ஒரு வரிதான். நான்தான் சார் எறிந்தேன். அந்த வரி நாக்குவரை வந்தது. அப்போது என் பிள்ளைகள் முகம் வந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வரவில்லை. போலீஸ் ஜீப்தான் வந்தது, எங்கள் தெருவில் அது நிற்பதும், எல்லாரும் வாசலுக்கு வந்து பார்ப்பதும். நான் வாயை மூடிக்கொண்டேன். கோழை என்றால் நான்தான், வேறு யாரையும் தேட வேண்டாம்.

கேசவன் சார் மைப்பெட்டியைத் திறந்தார். கட்டுக்கு வெளியே தெரிந்தது இடது கைப் பெருவிரலின் நுனி மட்டும்தான். அதில் மையைத் தடவிக் காகிதத்தைக் கீழே பிடித்தார். எங்கள் வீட்டில் கடைசியாகக் கைநாட்டு வைத்தது அம்மா. அக்காகூட ரிசார்ட்டில் சம்பளம் வாங்க வேண்டும் என்று தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். டிப்ளமோ படித்த சிநேகா பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலை அழுத்தினாள். விரல் ரேகை சரியாக விழவில்லை. மறுபடி அழுத்தச் சொன்னார்.

"சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்று காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

அக்கா எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை வாங்கி, சுவரில் காகிதத்தை வைத்து, என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கேசவன் சார் போனபிறகு அக்கா சொன்னாள்.

"கையெழுத்து நல்லா கீதுடா. போ."

நான் வாசலை நோக்கி நடந்தேன். என்ன வேகத்தில் நடந்தேன் என்று தெரியவில்லை. நாலு கட்டில் தாண்டியதும் பின்னாலிருந்து சிநேகா கூப்பிட்டாள்.

"மாமா, அந்த நாசில் வாஷர் மாத்தாம தமிழ்வாணன் அண்ணன தொட வுடாத. உப்பு அரிச்சிகீது."

நான் திரும்பாமலேயே தலையை ஆட்டினேன். அது அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது.